ஜெபமணி அக்கா சொல்லியிருந்தார்கள்

செய்தி வந்தபோது வீட்டில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மாமியார், மகள் ஷைனி, கறிவேப்பிலை கேட்டு வந்த அடுத்த வீட்டு சாரா மைனி. மைனிதான் போனைப் பார்த்துச் சொன்னார்கள்.

"ஏளா, பல் ஆஸ்பத்திரி ஜெபமணி அக்கா போயிட்டாவளாம். வள்ளியூர்ல நேத்தே அடக்கம் பண்ணிட்டாவளாம்."

"நல்ல மனுசி" என்றார்கள் மாமியார். "யாரும்மா அது?" என்று ஷைனி கேட்டாள். நான் கறிவேப்பிலை எடுக்க உள்ளே போனேன்.

பாளையங்கோட்டையில் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன நம் சபைத் தாய்மார் எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். பல் பிடுங்கி முடித்ததும் தாயை ஓரமாக உட்காரவைத்து, வீட்டில் செய்யவேண்டியதைச் சொல்லுவது அவர்கள் வேலை. சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

ஷைனிக்கு அப்போது ஆறு வயது. கீழ்க் கடைவாய்ப் பல். ஊசி போட்டது காலை பத்து பத்துக்கு. மருந்து, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துவைப்பது என் வழக்கம், நோட்டில் இருக்கிறது. "மரத்துப்போன ஒதடு தன் ஒதடுன்னு பிள்ளைக்குத் தெரியாதுளா. முட்டாசு முட்டாயின்னு நெனச்சுச் சவைச்சிரும். பைய தொட்டுக் கேளு. கூசுதுன்னு சொன்ன பொறவுதான் சோறு" என்றார்கள் அக்கா. நானும் திருப்பிச் சொன்னேன்.

அன்றைக்கு ஏரல் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் அசன விருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஸ் ஏறினோம். பன்னிரண்டு மணிக்குப் பந்தியில் இலை போட்டார்கள். நான் தயங்கினேன். "அசனச் சோத்த வேண்டாங்கலாமா? ஆண்டவர் வீட்டுச் சோறு பிள்ளைய என்ன செய்யும்?" என்றார்கள் மாமியார். எனக்கும் அதுவே விசுவாசமாகத் தோன்றியது. உதட்டைத் தொட்டுக் கேட்கவில்லை. ஜெபித்து ஊட்டினேன்.

"கறி மெத்துமெத்துன்னு இருக்கும்மா" என்றாள் ஷைனி. அவள் இலையில் கறி விழவே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. குழம்பின் சிவப்பில் ரத்தமும் தெரியவில்லை.

மறுநாள் உதடு பலூனாய் வீங்கி, உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சீழ் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் என்னைப் பார்த்து, "சாப்பாடு குடுக்கக்கூடாதுன்னு உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

"அக்கா ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அக்கா பக்கத்தில்தான் நின்றார்கள். டாக்டர் எல்லார் முன்னாலும் அவர்களைத் திட்டினார். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஷைனியின் முன் குனிந்தார்கள். "ஏட்டி, ஒன்னையே நீ தின்னுபோட்டியே, ருசியா இருந்துச்சா?" என்று சிரிக்கவைத்தார்கள். பிறகு என்னிடம், "இது சீழ் இல்லளா. ஆறுற புண்ணு இப்படித்தான் இருக்கும். சுரண்டிராத. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லு, காரம் குடுக்காத" என்றார்கள். மூன்று நாள் சாயங்காலமும் போன் செய்து பிள்ளையைத்தான் கேட்டார்கள்.

அடுத்த மாதம் அவர்கள் அங்கே இல்லை. வேலையை விட்டு வள்ளியூர் போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிறகு ஒரே முறை பஸ் நிலையத்தில் பார்த்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அக்கா, தன் கீழுதட்டைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்கள். ஆறிவிட்டது என்று தலையாட்டினேன். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நின்றுகொண்டே இருந்தேன். இப்போதும் ஜெபிக்கக் கண்ணை மூடினால் அந்த விரல்தான் முன்னால் வருகிறது.

சபையார் அறிய எழுதுகிறேன்: அக்கா சொன்னார்கள். தெளிவாகச் சொன்னார்கள். நான்தான் பொய் சொன்னேன். அவர்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அன்று ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாத அந்த முகம்.

அவர்கள் வேலையை விட்டது என்னாலா, வேறு காரணமா? அங்கே கூட வேலை பார்த்தவர்களுக்கோ வள்ளியூரில் இருக்கும் அவர்கள் வீட்டாருக்கோ தெரிந்திருக்கும். எதுவானாலும் மறைக்காமல் எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.