ஹாயில் குடிக்காத காப்பி

ஹாயிலை முதன்முதலில் பார்த்த அன்று அவன் எனக்கு ஒரு நாற்காலி போட்டான். அந்த நாற்காலியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மலை நகரமான கரக்கின் தொழிற்பேட்டையில், டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது அவனுடைய டிங்கரிங் பட்டறை. அதற்கு முந்தின நாள், மலைச் சாலை வளைவில், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அப்பாவின் பிக்கப் வண்டியை இடித்துவிட்டான். ஓட்டுநர் பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. அப்பாவுக்குக் காறை எலும்பு முறிந்து, இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. நான் பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே முதல் பட்டம் என்னுடையது. விபத்து என்று கேட்டதும், இனி எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற முடிவோடுதான் பட்டறைக்குப் போனேன்.

அப்பா ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து டயரில் கையெல்லாம் கிரீஸோடு ஒருவன், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"இவருதான் உங்க பட்டதாரியா, சித்தப்பா?"

சித்தப்பாவாம்! எந்த வழியில் இவன் எனக்கு அண்ணன் ஆனான்?

"வாங்க உஸ்தாத்," என்று, படித்தவர்களை அழைக்கும் அந்த மரியாதைச் சொல்லைச் சொல்லி, பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டான். நான் உட்கார்ந்தேன். அவன் மறுபடி டயருக்குப் போனான். பேச்செல்லாம் கீழே, டயர்களில் நடந்தது. அப்பா சிரித்தார், தலையாட்டினார், அவன் தொடையில் தட்டினார். நான் மேலே, விருந்தாளியாக, மைரமிய்யா என்ற வாசனை இலை போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நான் பார்த்துக்கறேன்ப்பா," என்றேன் திரும்பும் வழியில்.

"பாரு," என்றார் அப்பா.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, இடித்த பையனின் குடும்பத்திலிருந்து ஜாஹா வந்தது. சமரசம் கேட்டு முப்பது ஆண்கள், முன்னால் அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஹாஜி முஃப்லிஹ், தோளில் கறுப்பு அங்கி. எங்கள் விருந்தறையில் இடம் போதாமல் வாசல்வரை நின்றார்கள். சுவரில் என் பட்டச் சான்றிதழ் தொங்கியது. அதன் கீழேயே ஹாஜி உட்கார்ந்தது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. கோப்பை கொடுக்கப்பட்டது. அவர் அதைத் தொடாமல் தரையில் வைத்தார்.

"அபூ முன்திர்," என்று ஊர் வழக்கப்படி என் பெயரை வைத்து அப்பாவை அழைத்தார். "நாங்க ஒண்ணு கேட்டு வந்திருக்கோம். எங்க பையன் காவல் நிலையத்துல கெடக்கான். அவன் வெளிய வரணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் இந்தக் காப்பி தொண்டையில இறங்கும்."

"குடிங்க ஹாஜி," என்றார் அப்பா உடனே. "நீங்க கேட்டது கெடச்சாச்சு."

காவல் நிலையத்துக்கு எழுத்து வேண்டுமாம். "எழுத யாரு இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், நல்ல கையின் விரலை என் பக்கம் நீட்டினார். பதினாறு வருடம் படித்ததே அந்த ஒரு விரலுக்காகத்தான் என்று தோன்றியது.

மூன்று வரி எழுதினால் போதும். நான் முழுப் பக்கம் எழுதினேன். பாடக் குறிப்பில் படித்த சொற்களையெல்லாம் இறக்கினேன். 'இவ்விபத்தால் விளைந்த, உடல், வாகனம், பொருள் சார்ந்த, இன்று உள்ளதும் இனி வரக்கூடியதுமான எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன். அவற்றை எவரிடமிருந்தும் எக்காலத்திலும் கோரமாட்டேன்.' உரக்கப் படித்துக் காட்டினேன். ஹாஜி கண்ணை மூடிக் கேட்டார். "மாஷா அல்லாஹ்! தேன் மாதிரி எழுதறான் உங்க பையன்." அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அவருடைய பெயர்.

மறு வாரம் டை கட்டிக்கொண்டு தலைநகர் அம்மானுக்குப் போனேன். இடித்தவனின் காப்பீட்டு நிறுவனம் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. ஃபவாஸ் என்ற அதிகாரி கோப்பைப் புரட்டி, ஒரு தாளை உருவி மேசைமேல் வைத்தார். நான் எழுதிக் கொடுத்தது.

"இதுல கையெழுத்துப் போட்டிருக்கறது உங்க அப்பாதானே?"

"ஆமா."

"அப்ப முடிஞ்சுபோச்சு உஸ்தாத். இடிச்சவன்கிட்ட உங்கப்பாவுக்கு உரிமை இருந்தாத்தானே அவனுக்குப் பதிலா நாங்க குடுக்கணும்? இவருதான் வண்டி, உடம்பு எல்லாத்தையும் விட்டுட்டாரே. எவரிடமிருந்தும்னு வேற போட்டிருக்கு." தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கான். யாரு, வக்கீலா?"

"ஊர்ல ஒருத்தர்," என்றேன்.

அதன்பின் மூன்று முறை போனேன். மூன்று மனு எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நல்ல நடை. ஒவ்வொன்றுக்கும் 'வருந்துகிறோம்' என்று ஒரே வரிப் பதில். வீட்டில், "இழுத்தடிக்கறாங்கப்பா," என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபர் பாதி போய்விட்டது. நவம்பர் முதல் வாரம் கீழே கோர் பள்ளத்தாக்கில் தக்காளி இறங்கும். முதல் வாரம் எந்த வண்டி போய் நிற்கிறதோ, அந்தப் பருவம் முழுக்க அந்தத் தோட்டத்து லோடு அதற்குத்தான். நான்கு தோட்டங்கள் பதினொரு வருடமாக அப்பாவுடையவை. வண்டி எழவில்லையென்றால், அடுத்தவன் வண்டிக்குப் பெட்டி தூக்கும் ஆளாக அவர் போகவேண்டும், அதுவும் அந்தத் தோளோடு. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் காலை என் அலமாரியைத் திறந்து, சான்றிதழ்களுக்கு அடியில் இருந்த கோப்பை எடுத்துக்கொண்டு ஹாயிலிடம் போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன்.

ஹாயில் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்று விசாரித்து வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். பட்டறை வைப்பதற்கு முன் பத்து வருடம் மீட்பு வண்டி ஓட்டியிருக்கிறான், நெடுஞ்சாலையில் நொறுங்கிய கார்களைக் கட்டி இழுத்து வரும் வேலை. விபத்தில் சிக்கிய ஆள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தால், பட்டறை வரும்வரை வாய் மூடமாட்டான். போலீஸிடம் எதைச் சொல்லித் தொலைத்தேன், எதில் கையெழுத்துப் போட்டேன், மதிப்பீட்டாளன் எப்படி ஏமாற்றினான் என்று ஒவ்வொருவனும் புலம்புவான். பத்து வருடப் புலம்பலைக் கேட்டவன் ஹாயில். எனக்கு அப்படி ஒரு வகுப்பு யாரும் எடுக்கவில்லை.

அவன் தாளை மடியில் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தான். படிக்கும்போது உதடு அசைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. விரல் 'எவரிடமிருந்தும்' என்ற இடத்தில் நின்றபோது சிரிப்பும் நின்றுபோனது. அப்பா தொழுகைக்குக் கை கால் கழுவ எழுந்து போனார்.

"நீங்க எழுதினதா, உஸ்தாத்?"

"ஆமா."

"எனக்கெல்லாம் இப்படி எழுத வராது." குத்துகிறானா, பாராட்டுகிறானா, கண்டுபிடிக்க முடியவில்லை. "கேட்டது ஒரு பையனை. நீங்க வீட்டையே தூக்கிக் குடுத்துட்டீங்க."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னப்பா சொல்றான் கம்பெனிக்காரன்?"

அவன் என்னைப் பார்த்தான். இதோ, சொல்லப்போகிறான்.

"சாக்கு சொல்றான் சித்தப்பா. தாள்ல இருக்கறத வெச்சுப் பேசறான். அன்னைக்கு என்ன கேட்டாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டவங்களையே கூட்டிட்டுப் போய் நிறுத்துவோம்."

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

அடுத்த திங்கட்கிழமை ஒரு சிற்றுந்து. ஹாஜி முஃப்லிஹும் அவர் பக்கத்துப் பெரியவர்கள் ஐந்து பேரும் மறுபேச்சில்லாமல் ஏறினார்கள். எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தவர்கள் ஆயிற்றே. அப்பா ஹாயிலைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எனக்குக் கடைசி இருக்கை. வழியெல்லாம் ஹாயில் அந்தப் பெரியவர்களிடம் வெட்டிக்கதை பேசினான். உங்க பையன் என்ன வண்டி வெச்சிருக்கான், மாப்பிள்ளை என்ன வண்டி, எப்ப வாங்கினது, காப்பீடு எங்க? வேறு பேச்சே தெரியாதா இவனுக்கு என்று ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன்.

ஃபவாஸ் ஒன்பது பேரைக் கண்டு திகைத்து, நாற்காலிகள் தருவித்து, வழக்கப்படி காப்பி சொன்னார். காகிதக் கோப்பைகள் வந்தன. ஹாயில் தன் கோப்பையைக் குடிக்காமல் மேசை விளிம்பில் வைத்தான். ஹாஜி அதைப் பார்த்துவிட்டுத் தானும் வைத்தார். ஒவ்வொன்றாக எல்லாக் கோப்பைகளும் மேசைக்குப் போயின. என்னுடையதில் நான் ஏற்கனவே ஒரு வாய் குடித்திருந்தேன்.

"குடிங்க ஹாஜி, ஆறிடும்."

"ஆறட்டும்," என்றான் ஹாயில். "எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கு."

"தம்பி, இது அலுவலகம். விருந்தறை இல்ல."

"காப்பி நாங்க கேட்டமா? நீங்கதானே குடுத்தீங்க. எந்த ஊரு உங்களுக்கு?"

"தஃபீலா."

"தஃபீலாக்காரருக்கு இந்த வழக்கத்த நான் சொல்லிக்குடுக்கணுமா?"

பெரியவர்கள் சிரித்தார்கள். ஃபவாஸ் டையைத் தளர்த்தினார். ஹாஜி முஃப்லிஹ் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு நான் கேட்டது என் பையனை. வண்டியக் கேக்கல. எலும்பக் கேக்கல. நான் கேக்காதத இவரு எப்படிக் குடுத்திருப்பாரு? இத எங்க எழுதணும்னு சொல்லு, ஆறு பேரும் கையெழுத்துப் போடறோம்."

ஃபவாஸ் என் தாளை எடுத்துக் காட்டினார். "ஆனா ஹாஜி, இதுல எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. எங்க கம்பெனிக்கு நாங்களே எழுதியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது. எழுதினவரு கெடச்சா நாங்க வேலைக்கே எடுத்துக்குவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, அன்று விரல் நீட்டிய திசையைப் பார்ப்பது போல, என்னைப் பார்த்தார். நான் என் கோப்பையில் மிச்சம் இருந்த காப்பியைப் பார்த்தேன்.

"தாளை விடுங்க உஸ்தாத் ஃபவாஸ்," என்றான் ஹாயில் சட்டென்று. "இந்தக் குடும்பத்துல இருபத்தாறு வண்டி. இருபத்தாறும் உங்ககிட்டதான் காப்பீடு. டிசம்பர்ல பாதி முடியுது. ஹாஜி சொன்ன வார்த்தையை உங்க தாள் அடிச்சுப்போட்டா, அவரு எந்த முகத்தோட உங்ககிட்டயே புதுப்பிப்பாரு?"

சிற்றுந்தில் அவன் எதை எண்ணிக்கொண்டு வந்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஃபவாஸ் உள்ளறைக்குப் போனார். வர அரைமணி ஆனது. "வண்டி சரி. ஆறு பேரும் எழுதிக் குடுங்க. ஆனா எங்க பட்டியல்ல இருக்கற பட்டறைலதான். பழைய உதிரி பாகம்."

"கதவு பழசு போட்டுக்கறேன். ஸ்டியரிங் புதுசு, அந்தாளு மலை இறங்கணும். பட்டறை என்னோடது."

"நீங்க எங்க பட்டியல்ல இல்லையேப்பா."

"பேனா உங்க கையிலதானே இருக்கு? சேருங்க."

ஃபவாஸே சிரித்துவிட்டார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். "இப்பவாவது குடிங்க," என்றார். எல்லோரும் ஆறிப்போன காப்பியைக் குடித்தார்கள். ஒரு கோப்பை மட்டும் மேசை விளிம்பிலேயே இருந்தது.

"உங்களுக்கு இன்னும் என்ன?"

"எலும்பு," என்றான் ஹாயில்.

மருத்துவமனைச் செலவையும் ஃபவாஸ் எழுதினார். அதற்குமேல் ஒரு காசு பெயராது என்றார். ஹாயில் ஒரே மடக்கில் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

திரும்பும்போது, மலை இறக்கத்தில் ஹாயில்தான் ஆரம்பித்தான். "சித்தப்பா, உஸ்தாத் மேல கோவப்படாதீங்க. நீங்க மனசாரக் குடுத்தீங்க. அவரு மனசார எழுதினாரு."

"நான் கோவப்பட்டேன்னு யார் சொன்னது?" என்றார் அப்பா. பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றார்.

எனக்காக அவன் பரிந்து பேசினானே, அதுதான் தாங்கவில்லை. என் அப்பாவிடம் என்னைப் பற்றிச் சமாதானம் சொல்ல ஒரு மூன்றாம் ஆள்! அதுவும் அவன் சொன்னால் அவர் கேட்கிறார். பட்டம் வாங்கி வந்த அன்று அப்பா என்னை எப்படிப் பார்த்தாரோ, அப்படித்தான் அந்த வண்டியில் அவனைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அது ஒரு நாள்தான் கிடைத்தது.

வண்டி அக்டோபர் கடைசி நாளில் எழுந்தது. நவம்பர் முதல் வாரம் அப்பா கோர் இறங்கினார், நான்கு தோட்டமும் கிடைத்தது. தோள் சரியாகும்வரை ஓட்டியது நான். அதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஹாயில் அதே பட்டறையில்தான் இருக்கிறான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. விபத்து என்றால் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போடும் முன்பே தாளை அவனிடம் கொண்டுபோகிறார்கள். அவன் விரல் வைத்துப் படிக்கிறான், காசு வாங்குவதில்லை. அப்பாவின் பிக்கப்பில் ஒரு கதவு மட்டும் வேறு வெள்ளை. நான் நகராட்சியில் உரிமப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு ஜாஹாவுக்கு என்னை எழுதக் கூப்பிட்டார்கள். பேனாவைத் திறக்கும் முன் வாசலுக்கு வந்து ஹாயிலுக்குப் போன் செய்தேன். "மூணு வரி போதும் உஸ்தாத்," என்றான். மூன்று வரிதான் எழுதினேன். அவன் பட்டறையில் இப்போது நாலைந்து நாற்காலிகள் இருக்கின்றன. நான் போனால் டயரில் உட்காருகிறேன்.