உளுந்து வயலுக்கு அந்தப் பக்கம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்! போன தை மாதம் அந்தச் சுண்டைக்காய் எங்கள் ஒன்றரை ஏக்கர் நெல்தான்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், வயல் லால்குடிக்குப் பக்கத்தில். மகளின் ஹாஸ்டல் கட்டணம் அந்த நெல்லை நம்பியே இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் சீக்கிரம் விளையும் நெல்லை நட, என் கணவர் மட்டும் விளைச்சல் கூடுதலாகக் காணும் என்று நீண்ட நாள் ரகத்தை நட்டார். அறுப்பு மெஷின் வந்து சுற்றியிருந்த வயல்களை அறுத்துவிட்டுப் போனபோது எங்கள் கதிர் பச்சையாக நின்றது.

ஈர வயலில் டயர் மெஷின் புதைந்துவிடும். பெல்ட் மெஷின்தான் வேண்டும். அந்த மகாராணி ரோட்டில் நடக்க மாட்டாள், லாரியில்தான் வருவாள். ஊரோடு சேர்ந்து அறுத்தால் லாரி வாடகை எல்லோர் தலையிலும் பிரிந்துவிடும்.

"ஒத்த வயலுக்குன்னா போக வர வாடகை மொத்தமும் உங்களுதுதாங்க. அறுப்புக் கூலி தனி," என்றார் மெஷின் புரோக்கர், எங்கள் கதிர் பழுத்ததும் போன் செய்தபோது.

வாடகை, கூலியைவிட அதிகம். ஆனால் டிவியில் மழை மழை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரி என்றோம்.

மறுநாள் மத்தியானம் லாரி வந்து நின்றது. மெஷினை இறக்கப் பலகை போடும்போது பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். ரோட்டுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவில் இருப்பது அவருடைய வயல். வருஷா வருஷம் அவர் அறுத்த பிறகு அதன் வழியாகத்தான் மெஷின் எங்களிடம் வரும். இந்த முறை அங்கே உளுந்து முளைத்து, பச்சைப் பசேலென்று இலை விட்டிருந்தது. மெஷினைக் கூப்பிட்ட எங்கள் வீட்டு மனிதருக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நம்ம ஆள்தானே என்ற நினைப்பு.

"அண்ணே, மெஷின் போவணும், வரணும், நெல்லு ஏத்த டிராக்டர் வேற. செடி என்னாத்துக்கு ஆவும்? நீங்களே சொல்லுங்க."

"நஷ்டத்தக் குடுத்துடுறேன் தம்பி."

"நீங்களே கஷ்டத்துல நிக்கிறீங்க. எங்கேருந்து குடுப்பீங்க?"

அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் லாரிக்குக் குறுக்கே படுத்திருப்பேன். வாய்க்கால் கரையோ ஆள் நடக்கும் அகலம்தான்.

"இறக்காட்டியும் வாடகை வாடகைதாங்க," என்றார் டிரைவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல். கொடுத்தோம். நெல்லைத் தொடாமலே மெஷின் திரும்பிப் போனது.

கையால் அறுக்க ஆள் தேடினோம், கிடைக்கவில்லை. பக்கத்து வயல்காரர்தான் வீட்டிலிருந்து எங்களுக்கு இரண்டு அரிவாள் கொண்டுவந்து கொடுத்து, தானும் ஒன்றோடு வயலில் இறங்கினார். நான் வயலில் குனிந்து பல வருஷம் ஆகியிருந்தது. இருட்டும்வரை மூன்று பேரும் அறுத்தோம். ஒரு மூலைதான் தீர்ந்தது. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது.

உளுந்துக்கு நல்ல மழை.