இருவாச்சி மரத்தடியில் விரித்த குடை

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கூடலூரில் பேருந்து ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் சேரம்பாடியில் இறங்கினேன். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இருவாச்சிப் பறவையைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். தேயிலைக்காகக் காட்டை வெட்டிய எங்கள் மலையில் அதற்கு என்ன வேலை?

இருவாச்சி காட்டக் கூட்டிப்போகும் ஜீப்பில் ஆளுக்கு அறுநூறு ரூபாய். ஓட்டுநர் பாபு, கூடவே, பெரிய கேமராக்களோடு சென்னைக்காரர் இருவர்.

எட்டரை மணி. காட்டோரத்துப் பெருமரத்தில் ஒரு பொந்து. முட்டையிட உள்ளே போகும் பெண் பறவை, வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. கீறலில் மஞ்சள் அலகின் நுனி தெரிந்தது.

ரயில் வருவதுபோன்ற இறகுச் சத்தத்தோடு ஆண் வந்தது. அலகின்மேல் கவிழ்த்துவைத்தாற்போல் ஒரு மஞ்சள் கொம்பு. தொண்டை நிறைய அத்திப்பழம். நாங்கள் மரத்தடியிலேயே நிற்பதைப் பார்த்துத் தூரத்தில் உட்கார்ந்துவிட்டது.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நிப்பமுங்க," என்றேன்.

பாபு சிரித்தார். "பயப்படண்டா. வேழாம்பல் இப்போ வரும் பாருங்க." இருவாச்சிக்கு மலையாளத்தில் அதுதான் பேர். கைப்பேசியில் பதிவுசெய்திருந்த இருவாச்சிக் குரலைச் சத்தமாகப் போட்டார். வேறொரு ஆண் வந்துவிட்டதென்று எண்ணியதோ என்னவோ, பறவை கத்திக்கொண்டே மரத்தைச் சுற்றியது. பழங்கள் சிதறின. ஊட்டாமலே போய்விட்டது.

கீறலில் அலகு திறந்தபடி இருந்தது.

"இன்னொருக்கா போடுங்க பாபு, படத்துல கண்ணு ஷார்ப்பா விழல," என்றார் சென்னைக்காரரில் ஒருவர்.

வெயிலுக்குக் கொண்டுவந்திருந்த குடையை விரித்து லென்ஸுக்கு நேரே நின்றேன்.

"என்ன தம்பி, சாமி ஊர்வலமா? மடக்குங்க," என்றார் அவர்.

"எங்க லயத்துல பிள்ள பெத்தவ சோறு உங்கறப்ப வாசல்ல ஆள் நிக்க மாட்டாங்க. நீங்க சோத்தையே தட்டி உடறீங்க."

"காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்?"

"நானுந்தானுங்க குடுத்தேன். பட்டினி போடறதுக்கா?"

அரை மணி நேரம் நான் மடக்கவில்லை. வெளிச்சம் கெட்டுப்போச்சு என்று திட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். "நீங்க நடந்து வந்தா மதி, அது போதும்," என்றார் பாபு.

நடந்தேன். குன்னூரிலும் இதே கதைதான். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் சுற்றுலா வருகிறவர்கள் என் அம்மாவைக் கொழுந்துக் கூடையோடு நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அன்றெல்லாம் நான் ஓரமாக நின்று பல்லைக் கடித்ததோடு சரி.

தலைக்கு மேலே அந்த இறகுச் சத்தம், மரத்தை நோக்கி. அதே நேரம் கீழ் வளைவில், மரத்தைப் பார்க்க ஏறி வரும் இன்னொரு ஜீப்பின் ஹாரன்.

குடையை விரித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன்.