டபுள் ஷிப்ட் கேட்டு வாங்கினேன்

நாச்சாரம் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். மனச்சோர்வுக்கு ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் போய் முடித்தவன். "மறுபடி அந்த மாதிரி ஆனா உடனே வாங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மழைக்காலத்தில் வீட்டில் என் பேச்சு குறைந்தது. டபுள் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். இவ்வளவு உழைக்கிறவனுக்கு என்ன நோய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பிரஸ் இறங்கும்போது கை உள்ளேயே இருந்தது. பக்கத்து மெஷின் சேகர் பிடித்து இழுத்தான்.

"ஏண்ணே, கை வேணாமா?"

எனக்குப் பதறவே இல்லை. போனால் போகட்டும் என்றிருந்தது. அதை நினைத்துத்தான் அப்புறம் பயம் வந்தது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"வாயே தொறக்காத ஆளு ஷிப்ட்டுக்கு மட்டும் ஓடுனா எனக்குத் தெரியாதா? வாங்க, டாக்டர்கிட்ட போவோம்" என்றாள்.

மறுபடி கவுன்சிலிங் போனேன். இப்போது பேசப் பிடிக்காத நாளில், பேசப் பிடிக்கவில்லை என்பதையாவது அவளிடம் சொல்லிவிடுகிறேன்.