சாயங்காலம் எத்தனை பேர் குளிப்பீக?

ஜமீலா மேடம் இறந்த செய்தி வந்தபோது, ஆமத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் படிவத்தோடு நின்றுகொண்டிருந்தேன். "அக்கா மௌத்தாயிட்டாங்க சார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம். வந்துருங்க" என்றார் போனில் அவருடைய தம்பி. அந்த வீட்டுக்கார அம்மாளிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமலே திரும்பிவிட்டேன். மேடம் இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

விருதுநகர் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவரோடு வேலை பார்த்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்களுக்கு அவருடைய கிண்டல் தெரியும். அவர் ஆய்வகத்தில், நான் வீடு வீடாகக் கணக்கெடுப்பவன். ஒரு வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை லிட்டர் கழிவுநீர், அதிலிருந்து எவ்வளவு நைட்ரேட் மண்ணுக்குள் இறங்கும் என்று மதிப்பிட்டு, கக்கூஸ் குழிகளிலிருந்து எவ்வளவு தள்ளிக் குடிதண்ணீருக்குப் போர் போடலாம் என்று சொல்வோம். நான் ஒரே காலையில் ஒரு தெருவையே முடித்துவிடுவேன். "சார் கணக்கெடுக்கப் போனீகளா, கபடி ஆடப் போனீகளா?" என்பார். பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்துவரும் பாட்டிலில் எண் எழுத விடமாட்டார். தண்ணீர் பிடித்த வீட்டுப் பெண்ணின் பெயரைத்தான் எழுதவேண்டும். "நம்பர் போட்டா மறந்துருவோம் சார். பேரு போட்டா மறக்காது."

சாத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள், நடுவே ஒரே தெரு. நான் போனது தீபாவளி சீசன் நேரத்தில், எல்லாரும் வேலைக்குப் போயிருந்த பகல் பதினொரு மணிக்கு. பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதிக்கொண்டு வந்தேன். "பூட்டுன வீட்டுல யாரு சார் பதில் சொன்னது?" என்று கேட்டார் மேடம். "தலை எண்ணிக்கைதானே மேடம்" என்றேன். அரை மனதோடு கையெழுத்துப் போட்டார். போர் போட்டார்கள். முதல் பரிசோதனையில் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்குப் பிறகு, அந்தத் தெருவில் முத்துமாரி என்கிற பெண்ணின் மூன்று மாதக் குழந்தை, உதடெல்லாம் நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. உயிரோடு திரும்பவில்லை. போர்த் தண்ணீரை எடுத்துப் பார்த்தோம். நைட்ரேட் எங்கள் மதிப்பீட்டை எங்கோ தாண்டியிருந்தது. கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் சேரவிடாமல் உடம்பை நீலமாக்குவது அதுதான். அந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கரைத்துக் கொடுத்திருக்கிறாள். "நல்லாக் கொதிக்க வச்சித்தான் மேடம் குடுத்தேன்" என்றாள். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஏறத்தான் செய்யும். தெருவில் மற்ற தாய்மாருக்கெல்லாம் அதைச் சொன்ன மேடம், அன்று அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துத்தாம்மா செஞ்சிருக்க" என்றார். தண்ணீர்தான் காரணமா என்று ஆஸ்பத்திரியில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அதில் எங்களுக்கு எந்த ஆறுதலும் இல்லை.

மறுநாள் மாலை மேடம் என்னை அந்தத் தெருவில் உட்கார வைத்தார், பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். கம்பெனி விட்டது. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள், ஊருக்கு வண்டி ஏறுமுன் தெரிந்த வீடுகளுக்குள் நுழைந்தார்கள். கை, கழுத்தெல்லாம் பட்டாசு மருந்துத் தூள். கக்கூஸ் போய், தலைக்கு ஊற்றி, மாற்றுச் சேலையில் வெளியே வந்தார்கள். "மருந்தோட போயிப் பிள்ளையத் தூக்க முடியுமா? குளிச்சிட்டுத்தான் தொடுவோம்" என்றாள் ஒருத்தி. மூன்று பேர் என்று நான் எழுதியிருந்த முத்துமாரி வீட்டிலிருந்து பதினொரு பேர் ஈரத்தலையோடு வந்தார்கள். அத்தனை தண்ணீரும் ஒரே குழிக்குள் இறங்கி, குழியில் கிடந்ததையும் தள்ளிக்கொண்டு போர்ப் பக்கம் போயிருக்கிறது.

"நீங்க எழுதுனது பொய்யில்ல சார். குடியிருக்கவங்க அம்புட்டுப் பேருதான்" என்றார் மேடம். "நானும் பூட்டுன வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்ல." அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லையே என்று இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம்தான்.

அந்த வாரமே போரை மூடவைத்தார். மேலதிகாரிகளுக்கு அனுப்பிய கடிதத்தின் முதல் வரியில் தன் தவற்றைத்தான் எழுதினார். படிவத்தில் ஒரு கேள்வியைத் தன் கையால் சேர்த்தார்: "சாயங்காலம் எத்தனை பேர் குளிப்பீக?" முத்துமாரி என்று பெயர் எழுதிய பாட்டில் கடைசிவரை அவர் மேசையிலேயே இருந்தது.

அடக்கத்துக்கு அவர் வீட்டுக்கு நான் போனபோது, உள்ளே பெண்கள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்களோடு தெருவில் நின்றேன். குளிப்பாட்டும் தண்ணீர் சுவரோரக் குழாய் வழியாக வாறுகால் சாக்கடையில் விழும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு விழுந்த அந்தச் சத்தத்தை, ஒரு வாளி, இரண்டு வாளி என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். மறுநாள் காலை ஆமத்தூர்ப் பக்கம் அதே வீட்டுக்குப் போய் அதைக் கேட்டேன். "நாங்க நாலு பேருதான் சார்" என்றார் அந்த அம்மாள். எழுதிக்கொண்டேன். ஆனால் கிளம்பவில்லை. சாயங்காலம்வரை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.