வாசல்ல செருப்பு ஆகாது

என் மகள் சுகந்திக்கு நாமக்கல்லில் வாங்கிய கறுப்பு பூட்ஸ், ஒரு நாள்கூட வகுப்புக்குள் போகாமலே காலுக்குச் சின்னதாகிவிட்டது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். பிள்ளையாவது பூட்ஸ் போட்டு இங்கிலீசு பள்ளிக்கூடம் போகட்டும் என்று இருந்தேன். கோகிலவாணி டீச்சர் விடவில்லை.

டீச்சர் ராசிபுரத்துக்காரர். மலைமேல் நாலைந்து ஊர் சேர்ந்ததை நாடு என்போம். எங்கள் அரியூர் நாட்டுக்கு வந்து, கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு பள்ளிக்கூடம் போட்டார். மழை வந்தால் தகரச் சத்தத்தில் பாடம் கேட்காது. படம் வரையச் சொல்லிவிடுவார். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் ஜீப்தான். தை மாசக் குளிரிலும் வகுப்பில் வெறுங்கால். ஏனென்று கேட்டால், "ஊர்ல ஆகாதுன்னு சொல்லிட்டாங்க பூபதி" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

போன வருஷம் பக்கத்து நாட்டில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. வேன், டை, பூட்ஸ். எங்கள் ஆட்களே "வெறுங்கால் பள்ளிக்கூடம்" என்று கேலி பேசிக்கொண்டு அங்கே போனார்கள். என் ஜீப்பில் பாதி காலி. வருகிற ஜூனில் பூட்ட வேண்டியதுதான் என்று டீச்சரே சொல்லிவிட்டார்.

"பூட்ஸ் போட விடச் சொல்லி ஊர்ல கேட்டுப் பாக்கலாங்க," என்றேன்.

"ஆகாதுன்னதுக்குச் சரின்னு ஒத்துக்கிட்டவ நானுங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

நான் விடவில்லை, கூட்டிக்கொண்டு போனேன். ஊர்க்கவுண்டர் காளியண்ணன் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"கொட்டாய் குடுத்தப்ப, வாசல்ல செருப்பு ஆகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்றார் டீச்சர்.

"ஏனுங்க டீச்சர், வாசல்னா சாமி வாசலுங்க! செருப்பக் கையில புடிச்சு அதத் தாண்டிட்டு, உங்க கொட்டாய்க்குள்ள பூட்ஸ் போட்டா யாரு கேட்டா?"

எங்கள் ஊரில் வெறுமனே வாசல் என்றால் கோயில் முன்னால் இருக்கும் இடம்தான். வீட்டு முன்னால் இருப்பதைக் களம் என்போம். ராசிபுரத்தில் அப்படியில்லை போலிருக்கிறது; டீச்சர் பள்ளிக்கூட வாசல் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

டீச்சர் மிளகுப் பாயோரத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எம்புள்ள பூட்ஸுங்க டீச்சர்!"

"சுகந்திக் கண்ணு கலியாணத்துக்கு நானே எடுத்துத் தரேன், போங்க."

"கலியாணத்துக்கு பூட்ஸா? மாப்ள பயந்து ஓடிருவான்," என்றார் காளியண்ணன்.

அன்றைக்கே ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். இனி பூட்ஸ் போடலாம் என்று டீச்சர் வீடு வீடாக ஏறிச் சொன்னார். சிலர் அனுப்புகிறோம் என்றார்கள். பலர் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் எங்கள் மலையில் மாட்டோம் என்று அர்த்தம்.

சித்திரையில் டீச்சருக்கு நெஞ்சுவலி. கீழே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். பிழைத்து மலையேறவில்லை. தன்னோடு கொட்டகையில் பாடம் சொல்லிக்கொடுத்த தேன்மொழி பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்வாள் என்று முன்னமே ஏற்பாடு செய்திருந்தார். கட்டிலில் படுத்தபடி என்னிடம் கேட்டது ஒன்றுதான்:

"பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கு, பாக்கலாம்னு சொன்னவங்க ஊட்டு முன்னாலயும் ஜீப்ப நிறுத்தி ஹாரன் அடிங்க பூபதி."