தீ சுடாத கால்

சொர்ணம் அக்காவின் காலில் நானும் விழுந்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம். வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. அன்றைக்கும் சுகர் மெஷின் என் தோள் பையில்தான் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? புத்தி வேலை செய்ய வேண்டாமா?

அக்கா நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்பவள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் திருப்போரூர் போய், வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டுத் திரும்புவாள். புருஷன் இருசப்பன் மாரடைப்பில் போய் ஆறு வருஷம். பிள்ளை இல்லை. மீன் வாங்கும்போது வாய் நிறைய அக்கா என்று கூப்பிடும் குப்பம், சீமந்தத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அவளைக் கூப்பிடாது. தாலியும் இல்லை, பிள்ளையும் இல்லை, அந்தக் கை பட்டால் ஆகாதாம். பந்தலில் பாட்டு அலறும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொள்வாள். சீரியல் பார்க்கிறாளா என்றால் அதுவும் இல்லை.

அந்த வருஷம் கோடையிலிருந்தே அவள் இளைத்துக்கொண்டு வந்தாள். ஜாக்கெட் தோளிலிருந்து நழுவியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது என்று அவளே சொன்னாள். "ஒரு சொட்டு ரத்தம் குடுக்கா, பார்த்துடலாம்" என்று மாசா மாசம் கெஞ்சினேன்.

"வெயில்ல அலையறவளுக்குத் தாகம் எடுக்காம இன்னா பண்ணும்? ஒண்டியா குந்திகினு துன்றது ஒடம்புல எங்க ஒட்டும்? போ, சோறு ஜாஸ்தி துன்றவங்களுக்குப் போய் பாரு" என்று விரட்டுவாள். நானும் நோட்டில் 'மறுத்துவிட்டார்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

ஆடி மாதம் எல்லையம்மன் கோயில் தீமிதி. காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் சேலையில் வந்து, நெருப்பை நாலே எட்டில் ஓடிக் கடந்துவிடுவார்கள். அந்த வருஷம் அக்காவும் காப்புக் கட்டியிருந்தாள். அவள் ஓடவில்லை. கடைத்தெருவில் நடப்பதுபோல் நடந்தாள். நடுவில் நின்றாள். நின்று, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. குப்பமே "தாயே!" என்று அலறியது. அவள் நெருப்புக் குழியை விட்டு மேலே ஏறியதும் முதலில் பூசாரி சதாசிவம் விழுந்தார், அப்புறம் ஊர் விழுந்தது, அப்புறம் நான்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வாழ்க்கை. பிறந்த குழந்தைக்கு விபூதி வைக்க அவள், கல்யாணப் பொண்ணுக்கு முதல் பூ வைக்க அவள், புதுப் போட்டைக் கடலில் இறக்கும்போது எலுமிச்சம்பழம் வைக்க அவள். பந்தியில் முதல் இலை. அவள் வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கடைவாய்ப் பல் இரண்டு இல்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பத்தாம் நாள் போனேன். காலில் மஞ்சளை அரைத்துக் கனமாகப் பூசியிருந்தாள். ஈ மொய்த்தது. கிட்டப் போனால் நாற்றம். காலை இழுத்து மடியில் வைத்து மஞ்சளைத் துடைத்தேன். உள்ளங்காலில் சீழ் பிடித்த குழி, ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு.

"வலிக்கலையாக்கா?"

"அம்மன் கீறா, எப்புட்றி வலிக்கும்?"

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தொடும்போது சொல்லுக்கா என்று, பேனா மூடியால் இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றித் தொட்டேன். அவள் வாயே திறக்கவில்லை. கடைசியில், "இன்னும் ஆரம்பிக்கலியா? இன்னா நோண்டிகினு கீற?" என்றாள். அதற்குள் பத்து இடம் தொட்டு முடித்திருந்தேன்.

விரலைக் குத்தினேன். 431. விரலில் சர்க்கரைப் பொங்கல் ஒட்டியிருந்தாலும் மெஷின் கூட்டிக் காட்டும். அதனால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வேறு விரலில் இன்னொரு தடவை பார்த்தேன். 418. எந்த நேரத்தில் பார்த்தாலும் இருநூறைத் தாண்டி, கூடவே இந்தத் தாகமும் இளைப்பும் இருந்தால் சர்க்கரை வியாதிதான். இது இருநூறுக்கு இரண்டு மடங்கு. பல வருஷமாக ரத்தத்தில் ஏறிக் கிடந்து, பாதத்து நரம்பைச் சாகடித்திருக்கிறது. அதனால்தான் நெருப்பும் தெரியவில்லை, புண்ணும் தெரியவில்லை. அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

அவள் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு அம்மன் வர்லியா?"

பாவி, நானும்தானே விழுந்தேன்.

"யாரண்டயும் சொல்லாத பவானி. காலு போனா போவட்டும். இந்த ஜனம் திரும்பவும் போயிட்டா நான் இன்னா செய்வேன்?" என்று அழுதாள். என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் கேட்டாள். செய்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்றாள். செய்தேன்.

மேல்மலையனூருக்கு வேண்டுதலுக்குப் போவதாக ஊரிடம் சொல்லிவிட்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்திருந்தாள். கால் பிழைத்தது, இரண்டு விரல் போயின. பார்க்கப் போனது நான் ஒருத்திதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளெல்லாம் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவர்களைப் பிடித்து உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பாளாம். நர்ஸ் சொன்னார்.

திரும்பி வந்து காலில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டாள். வேளாவேளைக்கு மாத்திரை, ஊசி. ஊரில் மவுசு குறையவில்லை.

அடுத்த ஆடி வந்தது. காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் நான் மாத்திரையோடு அவள் வீட்டில் இருந்தேன். பானுமதி வந்தாள். முப்பத்தெட்டு வயசு, கருவாடு போடுகிறவள், மூன்று பிள்ளைக்காரி. காப்பு நூலை அக்காவிடம் நீட்டினாள்.

"நீயே கட்டிவுடுக்கா. எனக்கும் அம்மன் எறங்கிட்டா! நேத்து கொதிக்கிற வடிகஞ்சி கால்ல கொட்டிக்கிச்சி. சுடவே இல்ல, தெரியுமா?" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தியம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். வெட்கக்கேடு, ஆனால் மூடிக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். நூலை வாங்கினாள், விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு குனிந்து, காலில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.

"பாருடி. நல்லா பாரு. எனக்கு வந்தது அம்மன் இல்ல, சக்கர. வெரல அவகிட்ட குடு. குடுடி, மூணு புள்ள பெத்தவளே!"

பானுமதிக்கு 346.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலை கோயில் வாசலில் நான் மேஜை போட, நாற்பத்தேழு பேர் வந்து நின்றார்கள். ஏழு பேருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. இத்தனை வருஷம் தெருத் தெருவாகக் கத்தியும் ஒரு நாள் இப்படி வரிசை நின்றதில்லை. எல்லோரும் அக்கா வீட்டைத் தாண்டித்தான் வந்தார்கள். ஒருத்தியும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அம்மன் பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றினவள் என்றுகூடச் சிலர் பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பானுமதியாவது போவாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பத்தியம், மாத்திரை, பிள்ளைகள் என்று ஆயிரம் வேலை. அவளும் போகவில்லை.

தீமிதி முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் அக்காவைப் பார்க்கப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே விரலை நீட்டினாள். வெறும் வயிற்றில் 118.

"அக்கா, நூத்திப் பதினெட்டு! எவ்ளோ நல்லா கீது பாரு!" என்று கத்தியேவிட்டேன்.

அவள் மெஷினைக் கையில் வாங்கி, அந்த எண் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள். "யாரண்ட போய் சொல்லிக்கிறது?"